கொல்லிமலை எத்தனை பேரைத் தாங்கும்?

கொல்லிமலையில் கிராமப்புறச் சுற்றுலா வளர்ச்சி என்றதும் இடங்களின் பட்டியலைத்தான் நீட்டுகிறார்கள். ஆகாய கங்கை, அறப்பளீஸ்வரர் கோயில், மாசிலா அருவி, வாசலூர்ப்பட்டி படகு இல்லம். இந்தப் பட்டியலை வைத்து விடுதி கட்டக் கிளம்புவது பெரிய தப்பு.

முதலில் வண்டிகளை எண்ண வேண்டும். காரவள்ளியில், 70 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கும் இடத்தில், ஒரு சாதாரண செவ்வாய், ஒரு ஞாயிறு, வல்வில் ஓரி விழா நடக்கும் ஆடி நாள் என மூன்று நாள் உட்காருங்கள். மலையேறும் இன்னொரு வழியான முள்ளுக்குறிச்சி பாதையிலும் அதே நாட்களில் ஆள் வேண்டும். ஏறிய வண்டிகளில் அன்றே இறங்கியதைக் கழித்தால்தான் இரவு தங்குகிறவர்கள் எத்தனை பேர் என்று தெரியும். விழாக் கூட்டத்தை மட்டும் பார்த்து அறை கட்டினால் மற்ற நாட்களில் பூட்டித்தான் கிடக்கும்.

அடுத்தது ஆகாய கங்கை அருவி. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். இறங்கிக் குளித்து ஏற மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். நிறுத்துமிடத்தில் 60 கார் நிற்குமானால், ஒன்பது மணி நேரத்தில் 180 கார், காருக்கு நாலு பேர் என்றால் 720 பேர். அதற்கு மேல் வந்தால் சாலையோரம் நிறுத்துவார்கள், ஊர்ப் பேருந்து திரும்ப முடியாமல் நிற்கும். இன்னொரு சிக்கலும் உண்டு. பள்ளி விடுமுறைக் கூட்டம் வரும் மே மாதத்தில் அருவியில் தண்ணீர் குறைவு. மழைக்காலத்தில் வெள்ளம் பெருகினால் குளிக்கவே விடமாட்டார்கள். ஆகவே மாதவாரியாகக் கணக்குப் போடாத அறிக்கையை நம்பாதீர்கள்.

என்னைக் கேட்டால் தண்ணீர்க் கணக்குதான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. விடுதியில் படுக்கைக்கு நாளுக்கு 180 லிட்டர் என்பது இந்தியத் தர அளவு. வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் தரும் ஜல் ஜீவன் திட்டம் கிராமத்தில் ஒருவருக்கு நாளுக்கு வைத்திருப்பது 55 லிட்டர். 20 அறை, 40 படுக்கை என்றால் 7,200 லிட்டர். 130 மலைவாசிகளுக்கு ஒரு நாளைக்கு ஆகும் தண்ணீர். ஏப்ரல், மே மாதங்களில் ஊர்க் கிணறுகளில் கயிறு விட்டு ஆழம் பார்க்காமல் ஆழ்துளைக் கிணறு போட அனுமதி கொடுக்கக் கூடாது. கழிவுநீருக்கும் இதே கேள்விதான்: தொட்டி நிரம்பினால் எந்த லாரி வந்து உறிஞ்சும், எங்கே கொண்டுபோய்க் கொட்டும்?

கடைசியாக, பணம் மலையிலேயே தங்குகிறதா? பயணி தரும் நூறு ரூபாயில் அரிசி, காய், சமையல்காரர், விடுதி முதலாளி எல்லாமே கீழேயிருந்து வந்தால் இங்கே வாழும் மலையாளிப் பழங்குடியினருக்கு மிஞ்சுவது அறை கூட்டும் கூலிதான். சோளக்காடு சந்தையில் பலாவும் அன்னாசியும் மிளகும் கிடைக்கின்றன. சாமையும் தினையும் மலையிலேயே விளைகின்றன. வீட்டுக்கு இரண்டு அறை, சாமைச் சோறு, தனிக் கழிப்பறை என்று பத்து வீடுகளில் தொடங்கி, ஒரு கோடையையும் ஒரு மழைக்காலத்தையும் ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்த பத்து வீடுகளுக்குப் போகலாம்.