சோப்பு உறைக்கு என்ன நிறம் கொடுப்பது?

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் வீட்டிலேயே சோப்பும் முகப்பூச்சும் செய்து விற்கும் என் தங்கைக்கு உறைகளை வடிவமைத்துக் கொடுப்பவள் நான். சென்ற ஆண்டு வெட்டிவேர் சோப்புக்கு ரோஸ் நிறத்தில் பூங்கொடி வரைந்திருந்தேன். ஞாயிறு சந்தையில் அதை முகர்ந்து பார்த்து, மணம் பிடித்துப்போய்ப் பணம் எடுக்கவும் போன ஒரு பெரியவர், உறையைத் திருப்பிப் பார்த்ததும், "இது பொம்பளைங்க போடுறதாச்சேம்மா" என்று வைத்துவிட்டுப் போனார். கடலூர்க் கரையோர மணலில் விளையும் அந்த வேரை ஆண்களிடமிருந்து பிரித்தது என் நிறத் தேர்வுதான் என்பது இன்றும் எனக்கு உறுத்துகிறது.

ரோஸ் பெண்ணுக்கு, நீலம் ஆணுக்கு என்ற வழக்கம் அப்படியொன்றும் பழையதில்லை. 1918இல் அமெரிக்கக் குழந்தையுடை வணிக இதழ் ஒன்று, அழுத்தமான நிறம் என்பதால் ரோஸ் ஆண் குழந்தைக்கும், மென்மையானது என்பதால் நீலம் பெண் குழந்தைக்கும் உரியவை என்று நேர்மாறாக எழுதியது. மேல்மருவத்தூருக்குச் செவ்வாடை உடுத்திப் போகும் கூட்டத்தில் ஆண்களும் பெண்களும் கலந்தே நடக்கிறார்கள். அந்தச் சிவப்பை யாரும் ஒரு பாலுக்கு எழுதி வைக்கவில்லை.

பொதுவான நிறம் என்றதும் பலர் சாம்பலுக்கும் வெளிர் பழுப்புக்கும் போய்விடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பிரெஞ்சுத் தெருச் சுவர்களின் வெள்ளைக் கரையிட்ட மஞ்சளும், ஆரோவில் செம்மண்ணும், வேரின் பழுப்பும் கண்ணெதிரே இருக்கும்போது நிறத்தையே துறப்பானேன்?

ஆனால் நிறத்தைவிடக் கோலம்தான் அதிகம் பேசுகிறது. அதே மஞ்சளில் கொடியும் பூவும் சுருண்டால் உறை பெண்ணுக்குப் போய்விடும். தடித்த சாய்கோடுகளைக் கறுப்பில் இழுத்தால் சவரச் சாமான் ஆகிவிடும். புள்ளிக்கோலத்தை ஆசையோடு வரைந்து பார்த்தேன், அதையும் பார்த்தவர்கள் பெண்களுக்கானது என்றே சொன்னார்கள். கடைசியில் கோரைப்பாயின் பின்னலை எடுத்துக்கொண்டேன். பாயில் எல்லோரும்தானே படுக்கிறோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத குறை, ஆண்களுக்கு ஒன்று மட்டுமே உள்ள எக்ஸ் குரோமோசோம் வழி வருவதால், அவர்களிடமே மிகுதி. இரண்டு சோப்புகளை மங்கிய பச்சையாலும் பழுப்பாலும் மட்டும் வேறுபடுத்தினால் அவர்களில் சிலருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். ஆகவே ஒன்றை அடர்த்தியாகவும் மற்றதை வெளிறியும் வைத்து, பின்னலின் அகலத்தையும் மாற்றியிருக்கிறேன். பழுப்பு கிராஃப்ட் தாளில் மஞ்சள் மங்கிவிடுவதால், அதே தாளில் மாதிரி அச்சு எடுத்துத் தரச்சொல்லி அச்சகத்தில் கொடுத்திருக்கிறேன். இம்முறை தங்கையோடு என் தம்பியும் பார்த்துச் சரி சொன்ன பிறகே மற்றவை அச்சாகும்.