வாழைக்கு விடுகிற தண்ணீரும் வல்லாரைக்கு விடுகிற தண்ணீரும்

மூன்று நாளாக எங்கள் அடுக்குமாடி வாட்சப் குழுவில் கங்குங் கீரைச் சண்டை. புளோக்குக்குப் பின்னால் லோங்காங் (சாக்கடைக் கால்வாய்) ஓரத்துக் காலி நிலத்தில் நாலைந்து பேர் சேர்ந்து காய்கறி போட்டிருக்கிறோம், நானும் ஒருத்தன். மழை இல்லாத வாரத்தில் ஒரு அண்ணன் பெயிண்ட் வாளியில் கயிறு கட்டி லோங்காங்கிலிருந்தே மொண்டு ஊற்றுகிறார், அதை யாரோ வீடியோ எடுத்துப் போட்டுவிட்டார்கள். 'தோட்டத்தையே மூடு' என்று ஒரு கூட்டம். 'சமைத்தால் எல்லாம் செத்துப்போகும், சும்மா இருங்கப்பா' என்று இன்னொரு கூட்டம். எனக்கு இரண்டுமே ஒப்பவில்லை.

எஸ்டேட் லயத்து வீட்டில் எங்கள் பாட்டி பாத்திரம் கழுவுகிற தண்ணீர் ஒரு சின்ன வாய்க்காலில் ஓடி நேராக வாழை அடியில் விழும். அந்த வாழைக்கு யாரும் உரம் வாங்கிப் போட்டதில்லை. ஆனால் அதே தண்ணீர் புதினாப் பாத்திப் பக்கம் ஒரு கை தெறித்தாலும் பாட்டி சத்தம் போடுவார். எந்தத் தண்ணீர் எந்தச் செடிக்கு என்கிற கணக்கு அவருக்குத் தெரிந்திருந்தது, நமக்குத்தான் போய்விட்டது.

வீட்டுக் கழிவுநீரில் 99.9 சதவீதம் வெறும் தண்ணீர். மிச்சத்தில்தான் நோயும் இருக்கிறது, உரமும் இருக்கிறது. யூரியா மூட்டையில் காசு கொடுத்து வாங்குகிற நைட்ரஜன், கழிவுநீரில் பெரும்பாலும் நம் சிறுநீரிலிருந்தே வருகிறது.

அதற்காக லோங்காங் தண்ணீரைப் பாட்டியின் வாழைத் தண்ணீர் என்று நினைத்துவிடக் கூடாது. பழைய டெரஸ் (வரிசை) வீடுகள் பலவற்றில் கக்கூஸ் மட்டும் செப்டிக் டேங்குக்குப் போகும், சமையலறை, குளியலறைத் தண்ணீர் எல்லாம் நேராக லோங்காங்குக்கு வந்துவிடும். செப்டிக் டேங்கை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை உறிஞ்ச வேண்டும், விட்டால் அதுவும் இங்கேதான் கசியும். எங்களுக்கு மேல்புறம் ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடை, அதற்கும் மேலே கார் பட்டறை. சமைத்தால் கிருமி சாகும், சரி, பழைய பேட்டரி ஈயம் எந்தச் சட்டியில் சாகும்? அப்புறம், கங்குங்குக்குப் பக்கத்துப் பாத்தியில் வல்லாரை இருக்கிறது. அதை யார் சமைக்கிறார்கள்? பச்சையாகச் சம்பலில் தொட்டுத்தானே தின்கிறோம்.

உலகச் சுகாதார நிறுவனம் 1989-இல், பச்சையாகத் தின்கிற பயிருக்கு விடும் தண்ணீரில் 100 மில்லிலிட்டருக்கு மலக் கோலிஃபார்ம் (மலத்திலிருந்து வருகிற பாக்டீரியா) 1000-ஐத் தாண்டக் கூடாது என்றது. 2006-இல் அந்த ஒற்றை எண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்காமல், வயலிலிருந்து அடுப்பு வரைக்கும் படிப்படியாகத் தடுக்கச் சொன்னது: முடிந்த அளவு சுத்திகரி, இலையில் படாமல் வேரில் விடு, அறுப்புக்குச் சில நாள் முன்னால் நிறுத்து, கழுவு, வேக வை. இதில் பாதி எங்கள் பாட்டிக்கே தெரியும்.

கோலாலம்பூரில் எங்கள் பந்தாய் டாலாமிலேயே பூமிக்கு அடியில் 'பந்தாய் 2' சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. 2017-இல் முடிந்தது, நாளைக்கு 32 கோடி லிட்டர் தாங்கும். மேலே பூங்கா, மெதுவோட்டம் ஓடுகிறவர்களில் பாதிப் பேருக்குக் காலுக்குக் கீழே என்ன ஓடுகிறது என்றே தெரியாது. சுத்திகரித்த தண்ணீர் கிள்ளான் ஆற்றுக்குப் போகிறது. இந்த மாதிரித் தண்ணீரைத்தான் சோதித்து, வாழைக்கும் பாண்டானுக்கும் (ரம்பை) கொடுங்கள் என்கிறேன். இஸ்ரேல் தன் கழிவுநீரில் 80 சதவீதத்துக்கு மேல் விவசாயத்துக்குத் திருப்புகிறது. பெங்களூருவில் சுத்திகரித்த தண்ணீர் 2018-இலிருந்து கோலார் ஏரிகளுக்குப் போகிறது (இன்னும் ஒரு படி சுத்தம் செய்து அனுப்பு என்று அங்கே சண்டை, நியாயமான சண்டை). இங்கேதான் நல்ல மழை பெய்கிறதே என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம், போன முறை குழாய்த் தண்ணீர் நின்றபோது லாரிக்கு வாளியோடு வரிசையில் நின்றவர்கள்தான் நாம் எல்லோரும்.

லோங்காங் தண்ணீரைச் சோதித்துத் தரச் சொல்லி ஒரு அலுவலகத்துக்குப் போனேன். 'நிலம் யார் பெயரில்?' என்று கேட்டார்கள். அதோடு முடிந்தது.

நேற்று அந்தத் தண்ணீரை ஒரு மினரல் பாட்டிலில் பிடித்து ராத்திரி முழுக்க வைத்து, காலையில் அண்ணனிடம் காட்டினேன். அடியில் ஒரு விரல் கறுப்பு வண்டல், மேலே வானவில் மாதிரி எண்ணெய்ப் படலம். அவர் ஒன்றும் பேசவில்லை. சாயங்காலம் பார்த்தால் கூரைத் தண்ணீர் விழுகிற இடத்தில் ஒரு நீலத் தோங் (பீப்பாய்) நிற்கிறது. வல்லாரையைப் பிடுங்கிவிட்டார். பெயிண்ட் வாளி மட்டும் இன்னும் லோங்காங் கம்பியில்தான் தொங்குகிறது.