கடற்கொள்ளையர் வார இறுதிக்குத் தேதி குறிக்கும் முன்

வடகிழக்கு இங்கிலாந்தின் கடலோர ஊரான விட்பியில் 1994-லிருந்து கோத் வார இறுதி நடக்கிறது. கோத் என்றால் இருண்ட இசையும் கறுப்பு உடையும் விரும்புகிறவர்கள். கறுப்பு வெல்வெட்டும் கோர்செட்டும் அந்த ஊருக்குப் புதிதில்லை. அதனால்தானோ என்னவோ, கோத் நண்பர்கள் நாற்பது ஐம்பது பேரைச் சேர்த்து அங்கே கடற்கொள்ளையர் வேடக் கூடல் நடத்த நினைக்கிறவர்கள் எல்லோரும் உடையிலும் பாட்டிலுமே தொடங்குகிறார்கள். அது தவறு. உடையை வருகிறவர்களே பார்த்துக்கொள்வார்கள். கூடல் கடற்கரையில் என்பதால், நடத்துகிறவர் முதலில் கையில் எடுக்க வேண்டியது ஓத அட்டவணை, அதாவது கடல் ஏறி இறங்கும் நேரப் பட்டியல்.

கடல் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. வற்றத்துக்கும் (நீர் மிகவும் இறங்கிய நிலை) ஏற்றத்துக்கும் (மிகவும் ஏறிய நிலை) இடையே 4.8 மீட்டர் வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மணியில் சுமார் 40 சென்டிமீட்டர்தான் ஏறும். மூன்றாம், நான்காம் மணிகளில் மணிக்கு 1.2 மீட்டர். முதல் மணியைப் பார்த்து "இன்னும் நேரமிருக்கிறது" என்று நம்புகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அமாவாசை, பௌர்ணமி கழிந்த ஓரிரு நாளில் வித்தியாசம் மிக அதிகம். கடற்கரையில் நடத்தும் புதையல் வேட்டை விளையாட்டை வற்றத்துக்கு இரண்டு மணி முன்பு தொடங்கி, வற்றம் கடந்து ஒரு மணிக்குள் எல்லோரையும் மேலேற்றிவிடுங்கள். மறுநாள் அதே வற்றம் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளி வரும். சனிக்கிழமை நேரத்தை அப்படியே ஞாயிற்றுக்கிழமைக்கு எழுதக்கூடாது.

இன்னொன்று, கோடைக்கால நேரம்: கோடையில் இங்கிலாந்தில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே நகர்த்திவிடுவார்கள். சில அட்டவணைகள் கிரீன்விச் நேரத்தில் இருக்கும். கோடையில் அவற்றோடு ஒரு மணி கூட்ட வேண்டும். ஏற்கெனவே கூட்டப்பட்ட அட்டவணையில் மறுபடி கூட்டிவிட்டால், தண்ணீர் திரும்பி ஒரு மணி ஆன பிறகும் வற்றுகிறது என்றே நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அட்டவணையின் அடியில் இருக்கும் சின்ன எழுத்தைப் படியுங்கள்.

இடம்? விட்பி துறைமுகத்துக்குக் கிழக்கே, சால்ட்விக் விரிகுடா பக்கம் பாறைச்சுவரின் அடியில் வேட்டை வைக்கவே வேண்டாம். ஏற்றம் வழியை அடைத்துவிடும், மேலிருந்து கல்லும் விழும். மேற்குப் பக்க மணலில், மேலேறும் பாதைக்கு அருகிலேயே வைத்துக்கொள்ளுங்கள். யாராவது சிக்கினால் 999 அழைத்துக் கடலோரக் காவல்படையைக் கேளுங்கள்.

கொள்ளையரிடமிருந்து எடுத்துக்கொள்ளத் தகுந்த ஒன்று உண்டென்றால், என்னைப் பொறுத்தவரை அது அவர்கள் எழுதிக் கையெழுத்திட்ட ஒப்பந்தம். 1722-ல் கொல்லப்பட்ட கொள்ளையர் தலைவன் பார்தலோமியூ ராபர்ட்ஸின் கப்பல் விதிகளில், இரவு எட்டு மணிக்கு விளக்கும் மெழுகுவர்த்தியும் அணைய வேண்டும், அதற்குமேல் குடிக்கிறவர்கள் மேல்தளத்துக்குப் போக வேண்டும் என்று இருக்கிறது. அடுத்த அறையில் தூங்குகிறவரை மதிக்கும் விதி அது. நீங்களும் உங்கள் விதிகளை ஒரு தாளில் எழுதி, வந்து இறங்கியதும் ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். இரவு அமைதி, கேட்காமல் படம் எடுக்காமை, விட்பியின் செயின்ட் மேரி தேவாலயக் கல்லறைகள்மேல் ஏறி உட்காராமை: இந்த மூன்றும் கட்டாயம். அங்கே கிடப்பவர்கள் அந்த ஊர்க் குடும்பத்தார்.

இரும்பு வாளே வேண்டாம். இங்கிலாந்தில் தகுந்த காரணமில்லாமல் பொது இடத்தில் கூரான ஆயுதம் வைத்திருந்தால் நான்கு ஆண்டுவரை சிறை. போலித் துப்பாக்கிக்கும் சட்டம் உண்டு. தெருவில் பார்த்தவர் பயந்து அழைத்தால் ஆயுதப் போலீஸ்தான் வரும். நுரையும் லேட்டக்ஸும் (ரப்பர் பூச்சு) சேர்த்துச் செய்த வாள் போதும். அதை முனை தரையில் ஊன்றச் சாய்த்துவைத்தால் உள்ளேயிருக்கும் தண்டு நுனியைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். படுக்கவைக்க வேண்டும். கையில் பிடித்துக் கொளுத்தும் கைச்சுடர் வேண்டவே வேண்டாம். கடலில் சிவப்புச் சுடர் என்றால் ஆபத்து அழைப்பு, மீட்புப் படகு கிளம்பிவிடும்.

மதுவுக்கு வருவோம். விற்றாலும் சரி, நுழைவுக் கட்டணத்தில் சேர்த்தாலும் சரி, சட்டப்படி அது விற்பனைதான். உரிமம் இல்லாத இடமென்றால் உள்ளூர் மன்றத்துக்குத் தற்காலிக நிகழ்வு அறிவிப்பு கொடுக்க வேண்டும்: கட்டணம் 21 பவுண்டு, 10 வேலைநாள் முன்பு, பணியாளரையும் சேர்த்து 499 பேருக்கு மிகாமல். கொள்ளையர் பானம் என்று பலர் நினைக்கும் க்ராக், அதாவது தண்ணீர் கலந்த ரம், உண்மையில் கொள்ளையர் பானமில்லை. 1740-ல் கடற்படைத் தளபதி வெர்னன் ரம்மில் நான்கு பங்கு தண்ணீர் கலக்கச் சொன்னதில் வந்தது. ஆனாலும் அந்த அளவு நல்ல அளவு. 40 பேருக்கு ஆளுக்கு 50 மில்லி ரம் என்றால் 70 சென்டிலிட்டர் புட்டி மூன்று, தண்ணீர் 8 லிட்டர், எலுமிச்சை இருபது. சர்க்கரையை வெந்நீரில் கரைத்துச் சேருங்கள், குளிர்ந்த நீரில் அடியில் தங்கிவிடும். குடிக்காதவர்களுக்கு ரம் இல்லாத பாத்திரம் ஒன்று, அதே அளவில், அதே மேசையில்.

கூடாரத்துக்குச் சாதாரண முளை உலர்ந்த மணலில் நிற்காது. கூடாரத்தின் ஒவ்வொரு காலுக்கும் 20 கிலோ எடை கட்டுங்கள். இல்லாவிட்டால் துணிப்பையில் மணல் நிரப்பி, கயிறு கட்டி, அரை மீட்டர் ஆழத்தில் புதையுங்கள். காற்று வரும் பக்கம் திரை போட்டால் கூடாரம் கப்பல் பாய் மாதிரி காற்றை வாங்கிக்கொள்ளும். காற்று வலுத்தால் திரையை மட்டுமல்ல, கூரையையும் இறக்கிவிடுங்கள்.

கிளம்பும் முன், நனைந்த பாவாடை விளிம்பையும் பூட்ஸையும் நல்ல தண்ணீரில் அலசச் சொல்லுங்கள். உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும், வெயிலில் எத்தனை நேரம் போட்டாலும் துணி பிசுபிசுவென்றே இருக்கும். பித்தளைப் பொத்தான்கள் பச்சை பிடிப்பதும் அதனால்தான்.