மூன்றாவது ஸ்ட்ரைக்கோடு எல்லாம் முடிந்துவிடாது
மூன்று ஸ்ட்ரைக் (அடிக்கத் தவறுவது போல பேட்டருக்கு எதிராகக் கணக்கில் ஏறுவது) விழுந்தால் பேட்டர் அவுட் என்று பேஸ்பால் பற்றிய கட்டுரை ஒன்று ஒரே வரியில் முடித்துவிட்டது, அது முழு விதி அல்ல. மூன்றாவது ஸ்ட்ரைக் பந்தை, பேட்டருக்குப் பின்னால் இருக்கும் கேட்சர் தரையில் படாமல் பிடித்திருக்க வேண்டும். நழுவவிட்டாலோ பந்து தரையில் பட்டு வந்தாலோ, முதல் பேஸ் (பேட்டர் ஓடிச் சேர வேண்டிய முதல் தளம்) காலியாக இருந்தால் பேட்டர் அங்கே ஓடலாம்; அவரை அவுட் ஆக்கப் பந்தால் தொட வேண்டும், அல்லது அவருக்கு முன் பந்து முதல் பேஸுக்குப் போய்ச் சேர வேண்டும். முதல் பேஸில் ஆள் நின்றால் இந்தச் சலுகை இரண்டு அவுட் ஆனபிறகு மட்டுமே. இல்லாவிட்டால் கேட்சர் வேண்டுமென்றே பந்தைக் கீழே போட்டு, ஓடியே ஆக வேண்டிய பேட்டர், முதல் பேஸில் நிற்பவர் இருவரையும் சுலபமாக அவுட் ஆக்கிவிடுவார். பேட்டர் இப்படி ஓடித் தப்ப முடிவதால்தான், மூன்று அவுட்டில் முடியும் ஒரே இன்னிங்ஸில் ஒரு பிட்சர் (பந்து வீசுபவர்) நான்கு ஸ்ட்ரைக்அவுட் எடுப்பதும் நடக்கிறது. புதியவர்கள் மூன்றாவது ஸ்ட்ரைக் விழுந்ததும் தலையைத் தொங்கப்போட்டுத் திரும்பி நடப்பார்கள். முதல் பேஸுக்கு ஓடாமல் அப்படியே ஹோம் பிளேட்டை (பேட்டர் நின்று அடிக்கும் இடம்) சுற்றிய மண் வட்டத்தைத் தாண்டினால் அவுட், ஆகவே பந்து எங்கே என்று முதலில் பாருங்கள். ஃபவுலும் (எல்லைக் கோட்டுக்கு வெளியே போகும் அடி) ஸ்ட்ரைக்கா என்று கேட்பவர்களுக்கு: முதல் இரண்டு ஸ்ட்ரைக் வரை ஃபவுலும் ஸ்ட்ரைக்தான், அதன்பின் எத்தனை அடித்தாலும் கணக்கில் ஏறாது. ஆனால் இரண்டு ஸ்ட்ரைக்கில் பன்ட் செய்து (மட்டையை வீசாமல் பந்தை மெல்லத் தட்டி) ஃபவுலானால் அவுட். அதே இரண்டு ஸ்ட்ரைக்கில் பந்து மட்டையில் லேசாக உரசி நேராக கேட்சர் கையில் சிக்கினாலும் அவுட்தான்.