"தெருக்குட்டிதானே, எல்லாத்தையும் தாங்கும்" என்று சொல்பவர்களுக்கு

ஐப்பசி, கார்த்திகை மழை பிடித்துவிட்டால் முகநூல் முழுக்க நாய்க்குட்டிப் படங்கள்தான். சாக்கடை ஓரத்தில் ஒன்று, கார் டயருக்கு அடியில் இரண்டு. பார்த்ததும் தூக்கி வரும் மனசு பெரிய மனசு. ஆனால் அப்படி வரும் குட்டிகளில் எத்தனையோ பத்து நாள் தாண்டுவதில்லை. அதற்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் ஒரே எண்ணம்: "நாட்டு நாய்தானே, தாங்கும்."

தாங்காது. தெருவில் நாம் பார்க்கும் வளர்ந்த நாய் கெட்டியாகத் தெரிகிறதென்றால், அதோடு பிறந்த மற்ற குட்டிகளில் பல எப்போதோ செத்துப்போயிருக்கும் என்று அர்த்தம்.

தூக்குமுன் தாயைத் தேடுங்கள். இரை தேடப் போயிருக்கும். சில மணி நேரம் தள்ளி நின்று பாருங்கள். ஆபத்தில்லாமல் தாயோடு இருக்கும் குட்டியை எட்டு வாரத்துக்கு முன்னால் பிரிப்பதை மீட்பு என்று சொல்லவே கூடாது. வயது தெரிய வாயைத் திறந்து பாருங்கள். பல்லே முளைக்கவில்லை என்றால் மூன்று வாரத்துக்குள். ஊசி ஊசியாக முழு வரிசையும் இருந்தால் எட்டு வாரத்தை ஒட்டி.

வந்த அன்றே குளிப்பாட்டாதீர்கள். ஈரமான குட்டியின் உடம்புச் சூடு மளமளவென இறங்கும். வெதுவெதுப்பான துணியால் துடைத்தால் போதும். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கம் வையுங்கள், சூடு அதிகமானால் குட்டி நகர்ந்துகொள்ள மறுபக்கம் இடம் இருக்கட்டும். உடம்பு சில்லென்று இருக்கும்போது எதுவும் ஊட்டாதீர்கள், குடல் வேலை செய்யாது. துவண்டு கிடக்கும் குட்டியின் வாயில் தண்ணீர் ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும். அடுத்தது பசும்பால். அது வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும், சின்னக் குட்டிக்கு ஒரு நாள் பேதியே உயிருக்கு ஆபத்து. பல் வராத குட்டிக்கு நாய்க்குட்டிகளுக்கென்றே விற்கும் பால்பவுடர்தான், அதுவும் மல்லாத்தாமல் குப்புற வைத்து ஊட்ட வேண்டும்.

உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். ரோஜா நிறம் இருந்தால் நல்லது. சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தால் கொக்கிப்புழுவோ உண்ணியோ தெள்ளுப்பூச்சியோ ரத்தத்தைக் குடித்திருக்கலாம், அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். குடற்புழு மருந்து எடை பார்த்துத்தான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மூன்று மாதம் வரை, பிறகு மாதம் ஒருமுறை ஆறு மாதம் வரை. மலத்தில் சேமியா மாதிரி புழு வந்தால் பயப்படாதீர்கள், மருந்து வேலை செய்கிறது. பெரிய நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தையோ மண்ணெண்ணெயையோ குட்டிமேல் தடவவே கூடாது.

குட்டிகளின் குடலைத் தாக்கும் பார்வோ என்ற வைரஸ் நோயைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். கிருமி ஏறிய பிறகு நான்கைந்து நாள் குட்டி நன்றாக ஓடியாடும். திடீரென்று சாப்பாட்டை ஒதுக்கும், வாந்தி எடுக்கும், ரத்தம் கலந்த நாற்றப் பேதி போகும். "நேற்றுதானே தடுப்பூசி போட்டோம்" என்பார்கள். உள்ளே ஏற்கெனவே கிருமி இருந்தால் ஊசி காப்பாற்றாது. அதனால்தான் புதுக்குட்டியை மற்ற நாய்களோடு சேர்க்காமல் இரண்டு வாரம் தனியாக வைக்கச் சொல்கிறோம். இந்தக் கிருமி தரையில் மாதக்கணக்கில் கிடக்கும், பினாயிலை நம்ப முடியாது. தரையைக் கழுவிவிட்டு, ஒரு பங்கு ப்ளீச் திரவத்துக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள்.

பார்வோவுக்கும், டிஸ்டெம்பர் என்ற இன்னொரு வைரஸ் நோய்க்கும் தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கும். மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாகப் பதினாறு வாரம் வரை தொடரும். ஒன்று போட்டுவிட்டு நிறுத்துவதுதான் இங்கே வழக்கமான தப்பு. மூன்று மாதத்தில் வெறிநோய் ஊசி, பிறகு வருஷா வருஷம். சென்னையில் இருப்பவர்கள் மாநகராட்சி உரிமமும் எடுக்க வேண்டும். இன்னொன்று: குட்டி என்றாலும் வெறிநோய் இருக்கலாம். பல் பட்டாலோ நகம் கீறி ரத்தம் வந்தாலோ சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

சாப்பாட்டில் நம் வீடுகளின் பழக்கம் தயிர்சோறும் பிஸ்கட்டும். அதையே தின்று வளரும் குட்டியின் முன்னங்கால் வில்லாக வளையும். வேகவைத்த கோழி, முட்டை, குழைந்த சோறு, குட்டிகளுக்கான தீவனம் கொடுங்கள். வெங்காயம், திராட்சை, சாக்லேட், வேகவைத்த எலும்பு எதுவும் வேண்டாம். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் கொடுப்பதும் விஷம்தான். இரண்டு மாதக் குட்டிக்கு நாளுக்கு நான்கு வேளை, ஆறு மாதத்துக்குப் பிறகு இரண்டு வேளை போதும்.

நான்கிலிருந்து ஏழு மாதத்துக்குள் பால்பல் விழுந்து புதுப்பல் வரும். செருப்பு, சோபா, ஒயர் எல்லாம் அதன் வாயில்தான். பல குட்டிகள் மறுபடி தெருவுக்குப் போவது இந்த மாதங்களில்தான். "தெருவில் பிறந்தது, தெருவிலேயே பிழைச்சுக்கும்" என்கிறார்கள். வீட்டில் வளர்ந்த நாய்க்கு வண்டி தெரியாது. அந்தத் தெருவின் நாய்களும் அதைச் சேர்க்காது, கடித்துக் குதறும். தூக்கும் முன்பே வீட்டு ஓனரிடம் கேளுங்கள். ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள் என்று முடிவு செய்யுங்கள். பன்னிரண்டு, பதினைந்து வருஷக் கணக்கு இது.

அப்புறம், "ஆண்குட்டி இருந்தா சொல்லுங்க" என்று கேட்பவர்களுக்கு. ஒரே பெட்டியில் இருந்த ஆண்குட்டிகள் எல்லாம் போய், பெண்குட்டிகள் மட்டும் மிஞ்சி நிற்பதைப் பார்க்க முடியவில்லை. குட்டி போடும் என்பதுதானே பயம்? ஆறு மாதத்தை ஒட்டி, முதல் பருவத்துக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுக் கருத்தடை செய்துவிட்டால் அந்தப் பயமே இல்லை. மார்புக்கட்டி வரும் வாய்ப்பும் வெகுவாகக் குறையும். அடுத்த முறை பெட்டிக்குள் எட்டிப் பார்க்கும்போது அவளையும் கொஞ்சம் தூக்கிப் பாருங்கள்.