டில்டனின் இரண்டரை லட்சம் எங்கிருந்து வந்தது?
1876 அமெரிக்க அதிபர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் சாமுவேல் டில்டன் நாடு முழுக்கச் சுமார் இரண்டரை லட்சம் வாக்குகள் கூடுதலாக வாங்கியும், சர்ச்சைக்குள்ளான மாநிலங்களின் வாக்குகள் யாருக்கு என்று தீர்மானிக்க அமைத்த 15 பேர் குழு 8-க்கு 7 என்று முடிவெடுத்து, அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் வாக்குகளில் குடியரசுக் கட்சியின் ஹேய்ஸை 185-184 என ஜெயிக்க வைத்தது பகல் கொள்ளை என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சரி, குழு கட்சி பார்த்துத்தான் வாக்களித்தது. ஆனால் அந்த இரண்டரை லட்சம் எப்படி வந்தது என்று ஒரு வரிகூட இல்லையே? தென் மாநிலமான மிசிசிப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். மக்களில் பாதிக்கு மேல் கறுப்பினத்தவர், அவர்கள் பெரும்பாலும் குடியரசுக் கட்சிக்கே வாக்களித்தவர்கள்; 1872-இல் அக்கட்சியின் கிராண்ட் சுலபமாக ஜெயித்த மாநிலம். 1875 மாநிலத் தேர்தலில் ஜனநாயகக் கட்சி ஆதரவாளர்கள் ஆயுதத்தோடு வந்து மிரட்டியதில், கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக வாழ்ந்த யாசூ கவுண்டியில் (மாவட்டம் மாதிரி) குடியரசுக் கட்சிக்கு விழுந்தது மொத்தமே 7 வாக்கு. ஆமாம், ஏழு. அடுத்த வருடம் அந்த மாநிலத்தின் 8 தேர்வாளர் வாக்குகளும் டில்டனுக்கே போயின, அதை யாரும் சர்ச்சை என்று எழுதுவதில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களை ஏமாற்ற, குடியரசுக் கட்சிக்காரரான லிங்கன் படம் அச்சிட்ட ஜனநாயகக் கட்சி வாக்குச் சீட்டுகளும் தெற்கே சுற்றின. இத்தனை பேரை விரட்டிவிட்டு எண்ணியதை மக்கள் தீர்ப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஹேய்ஸும் கறுப்பினத்தவரைக் காப்பாற்றவில்லை. 1877 ஏப்ரலில் தென் கரோலினா, லூசியானா அரசுக் கட்டடங்களிலிருந்து மத்திய அரசின் படையை விலக்கிக்கொண்டார், அப்புறம் அவர்களுக்கு இருந்த கொஞ்சம் காவலும் போனது.