குட்டி சின்சில்லாவுக்கு முன்னால் இரண்டாவது கூண்டு வரட்டும்

அடர்ந்த ரோமம் கொண்ட சிறு கொறிவிலங்கான சின்சில்லாவில் வளர்ந்த ஒன்று ஏற்கெனவே இருக்கும் வீட்டில் அதற்குத் துணையாக ஒரு குட்டியை வாங்கலாமா என்று தர்மபுரியிலிருந்தும் ஓசூரிலிருந்தும் கேட்கும் நண்பர்களுக்கு நான் சொல்லும் பதில் ஒன்றுதான்: குட்டியை வாங்குவதற்கு முன் இரண்டாவது கூண்டை வாங்குங்கள், அவை பழகிய பிறகும் அதை விற்றுவிடாதீர்கள். "ஒரே கூண்டில் விடுங்கள், இரண்டு நாளில் பழகிவிடும்" என்று விற்பவர்கள் சிலர் சொல்லி அனுப்புவதை நான் முற்றாக மறுக்கிறேன்.

தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைச்சரிவுகளில் சின்சில்லா கூட்டமாக வாழும் விலங்கு என்பதால், துணை தேடித் தரும் எண்ணத்தில் தவறில்லை. ஆனால் மலையில் சண்டையில் தோற்றது வேறொரு பாறையிடுக்குக்குப் போய்விடலாம். நம் வீட்டுக் கூண்டில் அதற்குப் போக்கிடம் கிடையாது. அந்தக் கூண்டின் ஒவ்வொரு பலகையிலும் பெரியதன் வாசனை ஊறிப்போயிருக்க, அதற்குள் திடீரென்று விடப்படும் குட்டி அதன் கண்ணுக்கு அத்துமீறி நுழைந்த அயலாகத்தான் தெரியும். பெரிய சின்சில்லா ஏறக்குறைய அரைக் கிலோ எடை இருக்கும். தாய்ப்பால் மறந்த குட்டி அதில் பாதி இருந்தாலே அதிகம். வளர்ந்த இரண்டைச் சேர்ப்பதைவிடக் குட்டியைச் சேர்ப்பது பெரும்பாலும் எளிது என்பது உண்மையே என்றாலும், இந்த எடை வேறுபாட்டால் ஒரே கடி குட்டியின் உயிரைப் பறித்துவிடக்கூடும்.

குட்டி வந்ததும் குறைந்தது இரண்டு வாரங்கள், முடிந்தால் நான்கு வாரங்கள், அதைத் தனி அறையில் வைக்க வேண்டும். படர்தாமரையும் ஜியார்டியா என்னும் குடல் ஒட்டுண்ணியும் வெளித்தெரியாமல் குட்டியோடு வரக்கூடும். குளிப்பதற்கு வைக்கும் எரிமலைச் சாம்பல் தூளைப் பகிர்ந்தாலே படர்தாமரை மற்றதற்குத் தொற்றிக்கொள்ளும் என்பதால், இந்த நாட்களில் தூள் பாத்திரமும் தனியாக இருக்கட்டும்.

அதன் பிறகு இரண்டு கூண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம். ஆனால் நடுவில் நான்கைந்து விரல் இடைவெளி விட வேண்டும், ஏனென்றால் கம்பிக்கு வெளியே நீண்ட பாதத்தின் விரலைக் கடித்துத் துண்டித்துவிடும் அளவுக்கு இவற்றின் முன்பற்கள் கூர்மையானவை. சில நாட்களுக்கு ஒருமுறை இரண்டையும் கூண்டு மாற்றி விடுங்கள். ஒன்றின் தூளில் மற்றொன்று குளிக்கட்டும். வாசனை கலந்த பிறகே முகம் பார்க்கும் சந்திப்பு நடக்க வேண்டும். அது இரண்டுக்கும் சொந்தமில்லாத ஓர் இடத்தில், அவை சுறுசுறுப்படையும் மாலை நேரத்தில், உயரமான பலகைகள் இல்லாமல், சில நிமிடங்கள் மட்டும் நடப்பது நல்லது.

அப்போது நடப்பதையெல்லாம் சண்டை என்று எண்ணிவிட வேண்டாம். பெரியது குட்டியின் மேல் ஏறுவதும், சிறிது விரட்டுவதும், ஓரிரு முடிகள் உதிர்வதும் யார் பெரியவர் என்று தீர்மானித்துக்கொள்ளும் முறைதான். பல்லை நறநறவென்று கடித்தபடி விடாமல் துரத்தினாலோ, பெண் சின்சில்லா பின்னங்காலில் நின்று சிறுநீரைப் பீய்ச்சினாலோ, முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தாலோ உடனே பிரித்துவிட வேண்டும். கையை நடுவில் நீட்டாமல் ஒரு தடித்த அட்டையைக் குறுக்கே வையுங்கள். ஒன்றின் காதோரத்தை மற்றொன்று கோதிவிடத் தொடங்கினால் நம்பிக்கை கொள்ளலாம். சேர்த்து வைக்கும் கூண்டிலும் புல் தட்டு, தண்ணீர் பாட்டில், இரண்டு வாசல் உள்ள மறைவிடம் ஆகியவை இரண்டிரண்டாக இருப்பது அவசியம்.

நம் மாவட்டங்களுக்கென்று நான் வற்புறுத்துவது ஒன்று உண்டு: பங்குனி, சித்திரையில் இதைத் தொடங்காதீர்கள். வியர்க்காத உடலும் அடர்ந்த ரோமமும் கொண்ட இந்த விலங்குக்கு 25 டிகிரிக்கு மேல் சென்றாலே ஆபத்து. துரத்தலும் அச்சமும் உடல் சூட்டை மேலும் ஏற்றும்போது மின்சாரம் நின்று ஏசி அணைந்தால் என்ன நேரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஓசூர் குளிர்ச்சியான ஊர்தானே என்று அங்குள்ளவர்கள் எண்ணலாம். கோடையில் அங்கும் பகல் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டுகிறது. கார்த்திகை, மார்கழியே ஏற்ற காலம். கோடையில் வீடெங்கும் மாம்பழம் மணக்கும்போது, இரண்டையும் பழக்கப்படுத்த ஒரு துண்டு வைப்போமே என்ற ஆசையும் வரும். அந்த இனிப்பு இவற்றின் குடலைக் கெடுக்கும்.

ஆணா பெண்ணா என்பதை விற்பவர் சொன்னதோடு விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டி உறுதிசெய்துகொள்ளுங்கள். பெண் குட்டி எட்டு வாரத்திலேயே கருத்தரிக்கக்கூடும். தன் உடலே வளர்ந்து முடியாத அதற்கு 111 நாள் கர்ப்பம் உயிருக்கு உலை வைக்கும்.

சில மாதங்கள் முயன்றும் இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் தனித்தனிக் கூண்டில், ஒரே அறையில் வைத்து வளருங்கள். ஒன்றன் குரலும் வாசனையும் மற்றதற்குக் கிடைப்பதே அவற்றுக்குப் போதுமான துணையாக இருக்கும். நன்றாகச் சேர்ந்து வாழும் இணையும்கூடப் பிரிய நேரலாம். சின்சில்லா பார்க்கும் மருத்துவரைத் தேடிப் பெங்களூருக்கு ஒன்றை மட்டும் கொண்டுபோய்த் திரும்பினால், மருந்து வாசனையோடு வரும் அதை மற்றது அயலாக எண்ணித் தாக்கக்கூடும். ஆகவே நோய் தொற்றக்கூடியதல்ல என்றால், இரண்டையும் ஒரே பெட்டியில் அழைத்துச் செல்லுங்கள்.